விமானத்தில் ஒரு எஞ்சின் பழுதானால் விமானிகள் ஏன் உடனே தரையிறக்குவதில்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் தாயாருடன் இரண்டு எஞ்சின்கள் கொண்ட பயணிகள் விமானம் ஒன்றில் பயணம் செய்தேன். கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இரும்புக் கதவை உலக்கையால் இடித்தது போல இடப் பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று முறை பெருஞ்சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்தின்போதும் எஞ்சினின் பின்புறத்திலிருந்து தீச்சுவாலை சீறி மறைந்ததைச் சன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தேன். அதன்பின் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் இருக்கையின் கைப்பிடியில் மெல்லிய அதிர்வு மட்டும் விடாமல் இருந்துகொண்டிருந்தது.

அதைவிட எங்களைக் கலங்க வைத்தது விமானியின் மௌனம்தான். ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் எந்த அறிவிப்பும் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, ஓர் எஞ்சினில் கோளாறு இருப்பதாகவும் கிளம்பிய இடத்துக்கே திரும்புவதாகவும் இரண்டே வாக்கியங்களில் தலைமை விமானி சொன்னார். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தும், தரையிறங்க இன்னும் நாற்பது நிமிடங்கள் ஆயின. தீயணைப்பு வண்டிகள் பின்தொடர, நல்லபடியாக இறங்கினோம்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, புரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த ஆறு நிமிடங்களில் விமானி அறைக்குள் என்ன நடந்திருக்கும்? ஆபத்து என்றால் உடனே இறங்காமல் ஏன் நாற்பது நிமிடங்கள் சுற்ற வேண்டும்? கோளாறு எந்தப் பக்கத்து எஞ்சினில் என்பதை, அதைப் பார்க்கவே முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் விமானிகள் எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில் 1 (ஓய்வு பெற்ற விமானி, சிமுலேட்டர் பயிற்றுநர்)

வணக்கம். தங்கள் தாயார் இப்போது அச்சம் தெளிந்து நலமாக இருப்பார் என நம்புகிறேன். நான் பறந்ததெல்லாம் இரண்டு எஞ்சின் ஜெட் விமானங்கள்தான். பிற்காலத்தில் பல ஆண்டுகள் சிமுலேட்டரில் மற்ற விமானிகளுக்கு இந்த நிலைமையைத்தான் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தேன். தங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

எஞ்சின் பழுதானதும் விமானி செய்ய வேண்டிய முதல் வேலை எஞ்சினைப் பற்றியதே அல்ல. விமானத்தை ஒழுங்காகப் பறக்க வைப்பதே முதல் வேலை, எந்தத் திசையில் போவது என்பது இரண்டாவது, பிறரிடம் பேசுவது மூன்றாவது. ஒரு பக்கத்து உந்துவிசை குறைந்தால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கத்து சுக்கான் பெடலைக் காலால் அழுத்தி நேர்செய்ய வேண்டும். தரையை விட்டு எழும்பும் தறுவாயில் பழுது வந்தால், சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டு, குறைந்தது 400 அடி உயரம் ஏறும் வரை வேறு எதையும் தொடாமல் பறப்பதை மட்டும் கவனிக்கும்படிதான் பயிற்சி தருகிறோம். ஓடுதளத்தில் வி1 என்று ஒரு வேகம் கணக்கிடப்பட்டிருக்கும். அதற்கு முன் எஞ்சின் நின்றால் விமானத்தை நிறுத்திவிடலாம், அதைத் தாண்டிவிட்டால் மேலே ஏறியே ஆக வேண்டும். ஒற்றை எஞ்சினிலேயே ஏற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் இத்தகைய இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. சக்கரங்களை உள்ளிழுத்த பின், இரட்டை எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினை மட்டும் கொண்டு குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும் என்பது விதி. அதாவது 100 மீட்டர் முன்னே செல்வதற்குள் 2.4 மீட்டர் உயர வேண்டும். கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருந்தாலும், அந்த ஏற்றம் விமானிக்கு நேரத்தை வாங்கித் தருகிறது.

அந்த நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்றால், கோளாறு எந்த எஞ்சினில் என்று உறுதி செய்யத்தான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் விசிறியின் சுழல்வேகம், வெளியேறும் வாயுவின் வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம், எண்ணெய் அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைக் காட்டும் மானிகள் இருக்கின்றன. இருவரும் அவற்றைப் படித்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். பிறகு நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் ஏதோ சடங்கு போலத் தோன்றும். ஒருவர் இடது எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலின் மேல் கையை வைத்து, நகர்த்தாமல், “இடது த்ராட்டில்” என்கிறார். மற்றவர் அந்தக் கையைப் பார்க்கிறார், மானியைப் பார்க்கிறார், மறுபடியும் கையைப் பார்த்துவிட்டு “சரி” என்கிறார். அதற்குப் பின்தான் த்ராட்டில் பின்னால் இழுக்கப்படுகிறது. அடுத்து எரிபொருளை நிறுத்தும் சுவிட்சுக்கும் இதே கேள்வி, இதே விடை; தீயணைப்புக் கைப்பிடிக்கும் அப்படியே. தீ எச்சரிக்கை எரிந்துகொண்டிருந்தாலும் இந்த வரிசை மாறாது. என் மாணவர்களில் பலர், கையில் வேகம் மிகுந்தவர்கள், முதல் தடவை இந்த இடத்தில்தான் தவறினார்கள். மற்றவர் “சரி” என்று சொல்லி முடிப்பதற்குள் கை இழுத்துவிடும். அவர்களை நான் ஒருபோதும் தேர்ச்சி பெறச் செய்ததில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் கிராமத்தருகே நடந்த விபத்து. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போய்க்கொண்டிருந்த போயிங் 737-400 விமானத்தின் இடது எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. பலத்த அதிர்வும் எரியும் வாடையும் எழுந்தன. விமானிகள் வலது எஞ்சினில்தான் கோளாறு என்று கருதி அதன் த்ராட்டிலைக் குறைத்தார்கள். அதே வேளையில் தானியங்கி த்ராட்டிலும் துண்டிக்கப்பட்டதால் இடது எஞ்சினின் மேலிருந்த சுமை தணிந்து அதிர்வும் வாடையும் மட்டுப்பட்டன. தாங்கள் செய்தது சரிதான் என்று அவர்கள் நம்பியதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. கோளாறு தொடங்கிச் சுமார் இரண்டே நிமிடங்களில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சின் நிறுத்தப்பட்டது. தரையிறங்க வருகையில் இடது எஞ்சினுக்குக் கூடுதல் விசை கொடுத்தபோது, ஓடுதளத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர் முன்னால் அது முற்றிலும் சிதைந்தது. இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

அந்த விசாரணை அறிக்கையில் ஒரு செய்தி தங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. தலைமை விமானி, தாம் செய்தது சரிதானா என்று நடுவில் மறுபடியும் யோசிக்கத் தொடங்கினார். ஆனால் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து வந்த வானொலி அழைப்பு அந்த யோசனையை அறுத்துவிட்டது, அதை அவர் மீண்டும் தொடரவே இல்லை. தங்களுக்கு அறிவிப்பு வராத அந்த ஆறு நிமிடங்களில் விமானிகள் பயணிகளை மறந்துவிடவில்லை. யோசனை அறுபடக் கூடாது என்பதற்காகவே வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஏடிஆர் 72 விமானத்திலும் இதே தவறு நேர்ந்தது. செயலிழந்தது வலது எஞ்சின், விமானி இழுத்தது இடதின் நெம்புகோல். சுமார் இரண்டு நிமிடங்களில் விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

இனி அந்த நாற்பது நிமிடங்களுக்கு வருகிறேன். பழுதான எஞ்சினைக் கையாண்ட பிறகு சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். துணை மின்னாக்கியை இயக்கி, நின்றுபோன எஞ்சினின் மின்சாரத்தை ஈடுகட்ட வேண்டும். ஒற்றை எஞ்சினில் இறங்கும்போது மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடிப்புகளை (ஃப்ளாப்) வழக்கமான அளவுக்கு விரிக்காமல் குறைவாக வைப்பது பல விமானங்களில் முறை. அதனால் இறங்கும் வேகம் கூடும், வேகம் கூடினால் ஓடுதளத்தின் நீளம் போதுமா என்று கணக்குப் போட வேண்டும். கிளம்பிய சற்று நேரத்திலேயே திரும்புவதால் தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும். பெரிய விமானங்கள் பலவற்றில் அதை வானிலேயே வெளியேற்றும் வசதி உண்டு. தாங்கள் சென்றது போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் பொதுவாக அது கிடையாது. தேவைப்பட்டால் அதிக எடையுடனேயே இறங்கலாம், பிறகு விமானத்தைப் பரிசோதித்தாக வேண்டும். இவ்வளவுக்கும் பின்தான் பணிக்குழுவிடமும் பயணிகளிடமும் பேசுவார்கள். தீ அணையாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்குகளையெல்லாம் சுருக்கிக்கொண்டு அருகிலுள்ள ஓடுதளத்துக்கே நேராகப் போயிருப்பார்கள். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள் என்றால், எடுத்துக்கொள்ள அவர்களிடம் நேரம் இருந்தது என்றே பொருள்.

பதில் 2 (எஞ்சின் பராமரிப்புப் பொறியாளர்)

தாங்கள் கேட்ட மூன்று வெடிச்சத்தங்களும் சுவாலையும் ‘சர்ஜ்’ என்று நாங்கள் சொல்லும் கோளாறின் அடையாளங்களாகத் தெரிகின்றன. எஞ்சினின் முன்பகுதியில் இருக்கும் கம்ப்ரசர் காற்றைப் படிப்படியாக அழுத்திப் பின்னே தள்ளுகிறது. அதன் தகடுகளைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம் ஏதோ காரணத்தால் குலைந்தால், அழுத்தப்பட்ட காற்று ஒரு கணம் முன்பக்கமாகத் திருப்பி அடிக்கும். அதுதான் அந்தச் சத்தம். எரியாமல் மிஞ்சிய எரிபொருள் பின்னால் பற்றிக்கொள்வதே சுவாலை. பார்ப்பவருக்கு எஞ்சினே தீப்பிடித்தது போல இருக்கும், ஆனால் அது எஞ்சினுக்குள் காற்று செல்லும் பாதையில் மட்டும் எழுந்து அடங்கும் நெருப்பு. பறவை உள்ளே போனது, தகடுகளின் தேய்மானம், காற்றை வெளியேற்றும் வால்வு சிக்கிக்கொண்டது என்று காரணங்கள் பல. த்ராட்டிலைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாவது சத்தத்துக்குப் பின் அமைதி வந்ததென்றால், அந்த நேரத்தில் விமானி அதைச் செய்திருப்பார்.

எல்லாப் பழுதுக்கும் எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிர்வு மட்டும் கூடினால் விசையைக் குறைத்து ஓட விடலாம். எண்ணெய் அழுத்தம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் சுழல்தண்டைத் தாங்கும் தாங்கிகள் கருகுமுன் நிறுத்துவதே நல்லது. எரிதல் மட்டும் அணைந்து, உள்ளே சேதம் எதுவும் இல்லையென்றால் வானிலேயே மறுபடி இயக்கிப் பார்க்கலாம். சேதமுற்ற எஞ்சினை மீண்டும் இயக்க முயலக் கூடாது.

தங்கள் விமானம் இறங்கிய பிறகு எங்களைப் போன்றவர்களின் வேலை தொடங்கியிருக்கும். எஞ்சினின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குச் சிறு துளைகள், திருகுமூடி போட்டு, இதற்கென்றே விடப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றி, நுனியில் கேமராவும் விளக்கும் கொண்ட மெல்லிய குழாயை உள்ளே விடுவோம். ஒருவர் எஞ்சினின் சுழல்தண்டை அங்குலம் அங்குலமாகத் திருப்ப, மற்றவர் திரையில் ஒவ்வொரு தகடாகக் கடந்துபோவதைப் பார்ப்பார். நகக்கண் அளவுக்கு ஒரு தகட்டின் விளிம்பு மடங்கியிருந்தாலும் சரி, உற்பத்தியாளர் வகுத்த அளவோடு ஒப்பிட்டு, மிஞ்சியிருந்தால் அந்த எஞ்சினைக் கழற்றியே ஆக வேண்டும்.

விசிறித் தகடு ஒன்று உடைந்தால் அதை எஞ்சினின் உறையே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. முழுவேகத்தில் சுழலும் எஞ்சினில் வேண்டுமென்றே ஒரு தகட்டைத் துண்டித்து அதை நிரூபிக்கிறார்கள். ஆனால் தகடுகளைத் தாங்கும் வட்டு உடைந்தால் எந்த உறையாலும் தடுக்க முடியாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் டிசி-10 விமானத்தின் வால் எஞ்சின் வட்டு உடைந்து, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்புகளையும் அறுத்தது. மீதி இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அதைச் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் டர்பைன் வட்டு வெடித்து இறக்கையைத் துளைத்தது. எச்சரிக்கைகள் திரையில் வந்துகொண்டே இருந்தன; ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கவே சுமார் 50 நிமிடங்கள் பிடித்தன. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் வானில் இருந்த பிறகு 469 பேரும் உயிருடன் இறங்கினார்கள். பதில் 1இல் ஐயா சொன்ன நிதானத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பதில் 3 (விமானப் பணிப்பெண்)

கெக்வொர்த் விபத்தைப் பற்றி எங்கள் பயிற்சியிலும் விரிவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் எங்களுக்குரிய பாடம் வேறு. வலது எஞ்சினில் கோளாறு என்று விமானி அறிவித்தபோது, பின்பகுதியில் இருந்த பயணிகள் பலர் இடது எஞ்சினிலிருந்து தீப்பொறிகள் வந்ததை ஏற்கனவே பார்த்திருந்தார்கள். பணிக்குழுவில் மூவரும் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட முன்னறைக்குச் சொல்லவில்லை. விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, தாங்கள் சன்னல் வழியாகக் கண்டதைப் பணிப்பெண்ணிடம் சொல்ல ஒருபோதும் தயங்க வேண்டாம். எந்தப் பக்கம், என்ன நிறப் புகை, சுவாலை தொடர்ந்து வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பவற்றை நாங்கள் உள்தொலைபேசியில் விமானிக்குச் சொல்வோம். இடது, வலது என்பதை எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்த்து நிற்பவரின் கைகளை வைத்தே சொல்ல வேண்டும். பின்னோக்கி அமர்ந்திருக்கும் எங்களுக்கே இதில் ஒரு கணம் தடுமாற்றம் வருவதுண்டு. அதனால் சொல்லுமுன் அந்தப் பக்கத்துக் கையை நான் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தங்கள் தாயாரின் அருகில் அந்த ஆறு நிமிடங்களில் எங்களில் ஒருவர் வந்து நின்றிருக்க வேண்டும். அது நடக்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சகோதரி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் சுவாலையைப் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

விமானி ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்கு விமான நிலையம் பக்கத்தில் இருந்தது. நடுக்கடலில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டால்?

பதில் 1 எழுதியவர்

நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றால் விமானம் அதே உயரத்தில் நிற்க முடியாது. மற்ற எஞ்சினைத் தொடர்ந்து ஓடக்கூடிய உச்ச விசையில் வைத்து, வேகத்தைக் காத்தபடி மெல்ல இறங்குவோம். 35,000 அடியில் இருந்த விமானம் பொதுவாக 20,000 முதல் 25,000 அடிக்குள் நிலைகொள்ளும். மற்ற விமானங்களின் பாதையில் இறங்கிவிடாமல் முதலில் பக்கவாட்டில் விலகுவதும் முறை. ஒற்றை எஞ்சினில் எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடியுமோ அந்த எல்லைக்குள்தான் பயணப் பாதையே வரையப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் அந்த எல்லை 60 நிமிடம். 1985இல் 120, 1988இல் 180 என்று கூடியது. ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 2014இல் 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. எஞ்சின்களின் நம்பகம் பல ஆண்டுகள் பதிவு செய்யப்பட்ட பிறகே ஒவ்வொரு படியும் ஏறியது.

இரண்டும் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது, சறுக்கிப் பறக்கும். ஒரு பங்கு உயரம் இழந்தால் ஏறத்தாழ பதினைந்து பங்கு தூரம் முன்னே போகலாம். 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக்கின் மேல் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 அப்படித்தான் சுமார் 19 நிமிடங்கள் சறுக்கி, அசோர்ஸ் தீவில் 306 பேரையும் உயிருடன் இறக்கியது. ஆனால் அங்கே எரிபொருள் தீர்ந்ததற்கு ஒரு காரணம், இரு பக்கத்துத் தொட்டிகளிலும் அளவு வேறுபட்டதைக் கண்ட விமானிகள், கசிவு இருக்கிறதா என்று உறுதி செய்யாமல், ஒரு பக்கத்து எரிபொருளை மறுபக்கத்துக்கு விடும் குறுக்கு வால்வைத் திறந்ததுதான். நல்ல தொட்டியின் எரிபொருளும் கசிந்த எஞ்சின் வழியாகவே வெளியேறிவிட்டது. எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவில் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பலை விட்டு வெளியே வந்ததும் மறுபடி இயங்கி ஜகார்த்தாவில் இறங்கியது.

நிதானத்துக்கு இடமே இல்லாத நிலைமையும் ஒன்று உண்டு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏ320 விமானத்தில் சுமார் 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துகள் மோதி, இரு எஞ்சின்களும் விசை இழந்தன. தலைமை விமானி சல்லன்பெர்கரும் துணை விமானி ஸ்கைல்ஸும் கையில் எடுத்த பட்டியல், 20,000 அடிக்கு மேல் நடக்கும் பழுதை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதைப் படித்து முடிக்கவே நேரம் போதவில்லை. பட்டியலில் வெகு கீழே இருந்த துணை மின்னாக்கியைச் சல்லன்பெர்கர் தாமாகவே முன்கூட்டி இயக்கியதால் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு மின்சாரம் அறுபடவில்லை. மூன்றரை நிமிடங்களில் ஹட்சன் ஆற்றில் இறங்கினார்கள், 155 பேரும் பிழைத்தார்கள். குறைந்த உயரத்தில் இரு எஞ்சின்களும் நின்றால் பயன்படுத்துவதற்கென்று தனிப் பட்டியல் வேண்டும் என விசாரணை வாரியம் பரிந்துரைத்தது அதற்குப் பிறகுதான்.